கைகால் அசைக்காமல் முக்குளிக்கும் ஆசிரியர்கள்

நீச்சல்குளத்தின் ஆழமான பகுதியில், காற்றுக் கலனைச் சுமந்து நீருக்கடியில் முக்குளிக்கும் ஸ்கூபாவை ஆண்டுக்கணக்காகக் கற்பித்து வரும் ஒரு பயிற்றுநர் அசையாமல் மிதந்துகொண்டிருக்கிறார். கைகளை உடலோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும், கால்களை உதைக்கக் கூடாது என்பது அன்றைய விதி. அவருடைய மிதப்பு அங்கிக்குள் காற்றை ஏற்றுவதும் இறக்குவதும், காதழுத்தத்தைச் சமன்செய்ய மூக்கைப் பிடித்துவிடுவதும், அவரைப் பிடித்து நகர்த்திச் செல்வதும் உடன்வரும் சக பயிற்றுநரின் வேலை. அவர் சற்று வேகமாகக் கீழே இறக்கிவிட்டால் காது வலிக்கிறது. ‘நில்’ என்று காட்டக் கை இல்லை. தலையை ஆட்டலாம், கண்ணைச் சிமிட்டலாம். எதிரில் இருப்பவர் அதைப் பார்த்தால்தான் உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கு ஸ்கூபா கற்பிக்க முன்வருவோருக்கான பயிற்சியில் இது வழக்கமான ஒத்திகை. இன்னொரு சுற்றில் மாஸ்க்கின் கண்ணாடி மறைக்கப்படும். மற்றொன்றில் கால்களைக் கட்டிக்கொண்டு கைகளால் மட்டும் நீந்த வேண்டும். இவற்றின் பயனை மிகைப்படுத்துவது சரியல்ல. அரை மணி நேரம் கண்ணை மறைத்துக்கொண்டவருக்குப் பார்வையற்றவரின் வாழ்க்கை தெரிந்துவிடாது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் அந்த இருட்டில் இவரைவிட நிதானமாகவே இருப்பார். ஆனால், தன் மிதப்பையும் பாதுகாப்பையும் இன்னொருவர் கையில் ஒப்படைத்தால் எப்படி இருக்கும், எவ்வாறு தொட்டால் அது உதவி, எவ்வாறு தொட்டால் அது பீதி என்பது இதில் நன்றாகவே விளங்கிவிடுகிறது.

பயிற்சியின் கடினமான பகுதி இயற்பியலில் இருக்கிறது. நீரில் உள்ள ஓர் உடலின் எடை அதன் நிறைமையத்தின் வழியே கீழ்நோக்கியும், ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்புவிசை உடல் விலக்கும் நீரின் மையத்தின் வழியே மேல்நோக்கியும் செயல்படுகின்றன. இரண்டு மையங்களும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரும்வரை உடல் திரும்பிக்கொண்டே இருக்கும். தசை நீரைவிட அடர்த்தியானது, கொழுப்பு நீரைவிட இலேசானது. தண்டுவடக் காயத்தால் நெடுங்காலம் இயக்கமில்லாமல் இருந்த கால்களில் தசை மெலிந்து, எலும்பின் அடர்த்தியும் குறைந்துவிடுவதால், அவை மற்றவர்களின் கால்களைவிட எளிதாக மிதக்கின்றன. அதன்மேல் காற்றுக்குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் என்னும் ரப்பர் உடையையும் போட்டுவிட்டால் கால்கள் மேலே எழும்பித் தலை கீழே சாயும்; உதைத்துச் சரிசெய்யவும் வழியில்லை. கணுக்காலில் சிறு ஈயக்கட்டியைக் கட்டுவதே எளிய தீர்வு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இருமடங்காகிறது; உடைக்குள் இருக்கும் குமிழிகள் ஏறத்தாழப் பாதியளவுக்குச் சுருங்குகின்றன. மேற்பரப்பில் கச்சிதமாக இருந்த அதே ஈயம் ஆழத்தில் கால்களைக் கீழே இழுக்கத் தொடங்கும். ஆகவே எந்த ஆழத்தில் முக்குளிக்கப் போகிறார்களோ அதற்கேற்ற இடத்தில், அதற்கேற்ற அளவில் எடையை வைத்துப் பார்க்கும் பொறுமையைப் பயிற்றுநர் வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு காலை இழந்தவருக்கு இதே கணக்கு பக்கவாட்டில் வருகிறது: எடையை இருபுறமும் சமமாகக் கட்டினால் அவர் ஒருபக்கமாகப் புரண்டுவிடுவார்.

கால்களால் உந்த முடியாதவர் விரலிடைச் சவ்வு கொண்ட கையுறைகளை அணிந்து கைகளால் நீந்துகிறார். அதனால் ஒரு புதிய நெருக்கடி பிறக்கிறது: அவருடைய கைகளே துடுப்பு, கைகளே கருவி. மிதப்பு அங்கியின் பொத்தானை அழுத்தவோ மாஸ்க்குக்குள் புகுந்த நீரை வெளியேற்றவோ கையை எடுத்த கணமே நகர்வு நின்றுவிடும். நீரோட்டம் இருந்தால் அவரை அடித்துச் செல்லும். எந்த வேலையை எந்தக் கையால், எந்த வரிசையில் செய்வது என்று மாணவரோடு உட்கார்ந்து வகுத்துக்கொள்வதுதான் இங்கே கற்பித்தல் என்பதன் பெரும்பகுதி. தன் உடலை அறிந்தவர் மாணவரே என்பதால், பாதி நேரம் ஆசிரியர் கேட்டுக்கொள்பவராக இருக்க வேண்டியிருக்கும்.

உடலியலில் தெரிந்துகொள்ள வேண்டியவை பல. தண்டுவடக் காயத்துக்குக் கீழே உள்ள பகுதி நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளாது. நீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. உணர்ச்சியற்ற தோல் குளத்தின் விளிம்பில் உராய்ந்து கிழிந்தாலும் உரியவருக்குத் தெரியாது. ஆகவே சக்கர நாற்காலியிலிருந்து அவரை இறக்குமுன் விளிம்பில் மெத்தை போட வேண்டும். இவற்றைவிட நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது. நெஞ்சுப்பகுதியின் 6-ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமடைந்தவர்களுக்கு, நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிப்போன சிறுநீர் வடிகுழாய் (கதீட்டர்), இறுக்கமான உடை போன்ற சாதாரணத் தூண்டல்கூட இரத்த அழுத்தத்தைத் திடீரென ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடும். நீரில் மூழ்கும்போது கால்களின் இரத்தம் மார்புப் பகுதிக்குத் தள்ளப்படுவதால் சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட அதிகச் சிறுநீரை உண்டாக்குகின்றன என்பதை இத்தோடு சேர்த்துப் பார்த்தால், முக்குளிக்கும்முன் சிறுநீர்ப் பையை வெறுமையாக்குவது ஏன் கட்டாயம் என்பது புரியும். அந்த இரத்த அழுத்த உயர்வின் அறிகுறியான கடுந்தலைவலி இருப்பதாக மாணவர் சைகை காட்டினால் மேலே கொண்டுவந்து, நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, காரணத்தைத் தேடி நீக்கி, உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மேலே வருகையில் குமிழிகளாவதால் வரும் அழுத்தக்குறைவு நோயின் அறிகுறிகளில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவையும் உண்டு. இவை ஏற்கெனவே உள்ள ஒருவரிடம் புதிதாக ஒன்று வந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது? முதல் முக்குளிப்புக்கு முன்பே எங்கெங்கு உணர்ச்சி உண்டு, எந்தத் தசைக்கு எவ்வளவு பலம் என்று சோதித்து எழுதிவைத்தால்தான் பின்னர் ஒப்பிட முடியும். முக்குளிக்கலாமா என்று தீர்மானிப்பவர் மருத்துவர், பயிற்றுநர் அல்ல.

பார்வையற்றோருக்குக் கைச்சைகைகளை உள்ளங்கையிலும் முன்கையிலும் தொட்டுக் காட்டும் முறை உண்டு. செவித்திறன் குறைந்தோர் விஷயத்தில் நிலைமை தலைகீழ்: சைகைமொழி அறிந்த இருவர் ஆழத்தில் முழு உரையாடலையே நடத்த, பேசும் பழக்கமுள்ள பயிற்றுநர் பத்திருபது சைகைகளோடு தடுமாறிக்கொண்டிருப்பார்.

1981-இல் அமெரிக்காவில் தொடங்கிய, மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்கூபா அமைப்பான ஹேண்டிகேப்டு ஸ்கூபா அசோசியேஷன், குறைபாட்டின் பெயரைக் கேட்காமல் செயலை அளக்கும் மூன்று நிலைகளை வகுத்தது. தன்னையும் பார்த்துக்கொண்டு, உடன் முக்குளிக்கும் துணைவருக்கும் உதவக்கூடியவர் ஏ நிலை. அவருக்கு ஒரு துணை போதும். தன்னைப் பார்த்துக்கொண்டாலும் இடரில் சிக்கிய துணைவரை மீட்க இயலாதவர் பி நிலை. அவரோடு இருவர் செல்ல வேண்டும். உதவி தேவைப்படுபவர் சி நிலை. உடன் செல்லும் இருவரில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இந்த அளவுகோலில் கூடுதல் துணைவர் சலுகையாக அளிக்கப்படுபவர் அல்லர். மாணவரை மீட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கே காற்று தீர்ந்துவிட்டால் அவருக்குக் காற்றுக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் ஏ நிலையைப் பெறுவதும், நடந்து வருபவர் பி நிலையில் நிற்பதும் இந்த முறையில் இயல்பே.