உகுலேலே பிரிட்ஜ் ஏன் பெயர்கிறது? வீட்டில் செய்தவர்கள் கவனிக்க

வேலூர், காட்பாடிப் பக்கம் பழுதுக்கு வரும் வீட்டுத் தயாரிப்பு உகுலேலேக்களில் (நான்கு நரம்புள்ள, சிறிய கிடார் போன்ற வாத்தியம்) பெரும்பாலானவற்றுக்கு ஒரே வியாதிதான்: பிரிட்ஜ் (முகப்பலகைமேல் நரம்பைக் கட்டும் கட்டை) பின்பக்கம் தூக்கி, முகப்பலகை வயிறு தள்ளியிருக்கும். சத்தம் போதவில்லை என்று கிடார் கம்பியைக் கட்டியிருப்பார்கள். சோப்ரானோ எனும் சிறிய அளவில் நான்கு நைலான் நரம்புகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 15 கிலோ. அக்கூஸ்டிக் கிடார் செட்டின் எஃகுக் கம்பிகளில் அது 20 கிலோவைத் தாண்டிவிடும். தச்சுக்குப் போடும் வெள்ளைப் பசை சூட்டில் இளகும்; ஓயாத இழுப்பில் மெல்ல நகரும். கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் நைலான் கட்டியதுகூடப் பெயரும்.

பெயர்ந்த இடத்தில் பசையைப் பிழிந்து அழுத்திவிடுவது வீண் வேலை. பழைய பசைமேல் புதியது பிடிக்காது. நரம்பைக் கழற்றி, பட்டிக் கரண்டியை லேசாகச் சூடாக்கி பிரிட்ஜுக்கு அடியில் மெதுவாக நுழைத்து முழுதாக எடுங்கள். இரண்டு பக்கமும் வெறும் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். பெட்டியின் உள்ளே, பிரிட்ஜுக்கு நேர் கீழே 2 மி.மீ. மரத்தகடு ஒன்றை, அதன் ரேகை முகப்பலகையின் ரேகைக்குக் குறுக்காக வருமாறு ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு வஜ்ரப் பசை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சுவது) கிடைத்தால் நல்லது. கிளாம்பில் 24 மணி நேரம், கழற்றியபின் இன்னும் ஒரு நாள், அதன்பிறகே நரம்பு. மர ஸ்க்ரூ முடுக்காதீர்கள், மெல்லிய பலகை ரேகையோடு பிளக்கும்.

புது பிரிட்ஜுக்குப் பலாவோ ஈட்டியோ போதும். யாராவது மலிவாகச் செம்மரத் துண்டு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கணக்கில்லாத செம்மரம் கையில் இருந்தாலே வனத்துறை வழக்கு வரும்.

திரும்ப ஒட்டும்போது இடத்தை அளந்தே வையுங்கள். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் நரம்பைத் தாங்கும் துண்டு) 12ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) 175 மி.மீ. என்றால், அங்கிருந்து சேடில் (பிரிட்ஜ்மேல் நரம்பைத் தாங்கும் துண்டு) 177 இருக்க வேண்டும். நரம்பை அழுத்தும்போது அது நீண்டு ஸ்ருதி ஏறுகிறது, அதற்கு ஈடுதான் அந்த 2 மி.மீ. வீட்டில் செய்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். டியூனரில் பாருங்கள்: 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் ஏறி நின்றால் சேடில் பின்னே போக வேண்டும், இறங்கினால் முன்னே.

முதல் இரண்டு ஃப்ரெட்டில் மட்டும் அபஸ்வரம் என்றால் குற்றம் நட்டில். மூன்றாவது ஃப்ரெட்டில் நரம்பை அழுத்துங்கள்; முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அதிகமிருந்தால், கேஸ் வெல்டிங் நாசில் குத்தும் முள் அரத்தால் காடியைத் தலைப்பக்கம் சாய்வாக ஆழப்படுத்துங்கள். காடி அளவுக்கு மீறி ஆழமாகிவிட்டால் சமையல் சோடாவை நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடலாம்; புகையும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் நரம்பின் உயரம் 2.5 மி.மீ. சரி. அங்கே 1 மி.மீ. குறைய சேடிலின் அடியில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். மேற்புறத்தில் உப்புத்தாள் வைக்காதீர்கள்.

முறுக்காணி வழுக்கினால் வீணைப் பிரடைக்குச் செய்வதுபோல் சாக்பீஸ் தூள்.

சத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் 27 மி.மீ. பீஸோ தகட்டை (அதிர்வை மின்சைகையாக்கும் வட்டத் தகடு) பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்பக்கம் ஒட்டி, 6.35 மி.மீ. ஜாக் வையுங்கள். ப்ரீஆம்ப் (சைகையைப் பெருக்கித் தரும் சிறு கருவி) இல்லாமல் நேராக மிக்சரில் செருகினால் ஒலி தகரம் தட்டியதுபோல் வரும். 1 மெகாஓம் உள்ளீடு உள்ள ப்ரீஆம்ப் கேட்டு வாங்குங்கள்.