பற்றையா, யானையா?

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் பொழுதுபடுகிற நேரத்தில் மோட்டார் சைக்கிளில் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழகிய வீதி, கை தன்பாட்டில் ஓட்டுகிறது. மனமோ காலபோகத்துக்கு விதைநெல் வாங்கும் காசிலும், மகளின் டியூஷனிலும், யாரோ நேற்றுச் சொன்ன குத்தல் கதையிலும் நிற்கிறது. திடீரென வீதியோரம் கறுப்பாக ஏதோ தெரிகிறது.

அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் அவர் தலைக்குள் இருப்பவை அதே 8,600 கோடி நரம்புக் கலங்கள்தான். ஒரு நொடிக்குள் புது இணைப்பு முளைத்துவிடாது. எந்தப் பகுதி எதோடு சேர்ந்து இயங்குகிறது என்பதுதான் மாறுகிறது. இரணைமடுக் குளத்து வாய்க்கால்கள் வெட்டியபடியே கிடக்க, திறக்கிற கதவைப் பொறுத்துத் தண்ணீர் போகும் வயல் மாறுவது போல. ஆனால் குளத்துக்குப் பொறியியலாளரும் கமக்காரர் அமைப்பும் உண்டு. மூளையில் மேலே இருந்து கதவு திறந்துவிட ஒருவரும் இல்லை. பகுதிகள் தங்களுக்குள்ளேயே ஒழுங்கு செய்துகொள்கின்றன.

மனம் அலையும்போது சேர்ந்து இயங்கும் பகுதிகளை 2001இல் மூளை ஆய்வாளர் மார்க்கஸ் ரெய்க்கிள் குழுவினர் 'இயல்புநிலை' வலையமைப்பு என அடையாளம் காட்டினார்கள். நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் ஒரு பகுதி, பின்பக்கம் நடுவில் இன்னொன்று, இரு பக்கமும் காதுக்கு மேலே பின்னால் ஒவ்வொன்று. சும்மா இருக்கும்போது மூளை ஓய்ந்திருக்கும் என்பது பிழையான எண்ணம். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள அது 20 சதவீத சக்தியைத் தின்கிறது. மண்டையைப் பிய்த்து யோசித்தாலும் அதற்கு மேல் கூடுவது வழமையாக 5 சதவீதத்துக்கும் குறைவு.

சரி, கறுப்பு உருவத்துக்கு வருவோம். படத்தில் விலங்கு இருக்கிறதா இல்லையா என்று பிரித்தறியும் வேலை 150 மில்லிசெக்கனுக்குள் பெருமளவு முடிந்துவிடுவதை, மண்டைத்தோலில் மின்வாய் ஒட்டி 1996இல் அளந்திருக்கிறார்கள். வெளிச்சம் மங்கினால் பாடு கூடுகிறது. பார்வைப் பகுதி பாதித் தகவலை மேலே அனுப்ப, மேற்பகுதிகள் நினைவில் இருந்து ஓர் ஊகத்தைக் கீழே அனுப்பும். யானை என்றால் காது அசைய வேண்டுமே! கண் அந்த இடத்தையே தேடும். இதற்கிடையில் மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் இருக்கும் இன்சுலா என்ற பகுதியின் முன்பக்கத்தை மையமாகக் கொண்ட இன்னொரு வலையமைப்பு 'இது முக்கியம்' என்று உரக்கச் சொல்ல, அலைந்துகொண்டிருந்த கூட்டணி அடங்கி, கவனத்துக்குரிய பகுதிகள் கைகோர்க்கின்றன. மூளைத்தண்டில் இருந்து பரவும் நோரட்ரினலின் என்ற இரசாயனம் இந்த மாற்றத்தைத் தூண்டிவிடுகிறது. விதைநெல் காசு மறந்தே போகும்.

சேர்ந்து இயங்குவது எப்படித் தெரியும்? 1995இல் ஆய்வாளர் பரத் பிஸ்வால், அசையாமல் படுத்திருந்தவர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்தார். கைகள் சும்மா கிடந்தபோதும், இடக்கையையும் வலக்கையையும் ஆளும் பகுதிகளில் சமிக்ஞை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. ஒரு குறை: இந்த ஸ்கான் காட்டுவது இயங்கும் பகுதிக்குக் கூடும் இரத்த ஓட்டத்தை, அது உச்சத்துக்கு வரவே 5 செக்கன் அளவு பிடிக்கும். அதற்குள் யானை வீதியைக் கடந்துவிடும். மின்வாய் வேகத்தைச் சொல்லும், ஆனால் எந்த இடம் என்பதில் தடுமாறும். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு பழக்கம் பற்றியது. 2015இல் டானியல் பாசெட் குழுவினர், விரல்களால் விசைகளை ஓர் ஒழுங்கில் அழுத்த ஆறு வாரம் பழகியவர்களை ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் பார்வைப் பகுதியும் அசைவுப் பகுதியும் நெருங்கிச் சேர்ந்திருந்தன. பழகப் பழக இரண்டும் தனித்தனியாக வேலைசெய்யத் தொடங்கின. முன்மூளைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் யாரில் சீக்கிரம் விலகிக்கொண்டனவோ, அவர்களே வேகமாகக் கற்றார்கள்.