வேதாளத்துக்கு எத்தனை மானா?

1993-இல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற அட்டை ஆட்டத்தின் முதல் தொகுப்பில் ஐந்து அட்டைகள் ஒரே வார்ப்பில் செய்தவை. ஐந்துக்கும் விலை ஒரு மானா; மானா என்பது ஆட்டத்துக்குள் புழங்கும் செலவுப்பணம். ஐந்திலும் வரும் எண் மூன்று. சிவப்பு நிறத்து ‘லைட்னிங் போல்ட்’ மூன்று சேதம் விளைவிக்கும். பச்சை நிறத்து ‘ஜயன்ட் குரோத்’ ஓர் உயிரினத்தின் தாக்கும் வலுவையும் தாங்கும் வலுவையும் அந்தச் சுற்றுக்கு மட்டும் மும்மூன்று கூட்டும். கறுப்பின் ‘டார்க் ரிச்சுவல்’ ஒரு மானாவை வாங்கிக்கொண்டு மூன்றாகத் தரும். வெள்ளையின் ‘ஹீலிங் சால்வ்’ மூன்று உயிர்ப்புள்ளி தரும். நீலத்தின் ‘ஆன்செஸ்ட்ரல் ரீகால்’ அட்டைக்கட்டிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லும்.

எழுத்தில் பார்க்க எவ்வளவு ஒழுங்கு! ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் சேர்மானக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆனால் மேசைக்கு வந்ததும் ஒழுங்கு கலைந்துவிட்டது. ஹீலிங் சால்வை இன்று பெரும்பாலோர் சீண்டுவதில்லை. ரீகாலோ ‘விண்டேஜ்’ வகை ஆட்டத்தில் கட்டுக்கு ஒன்றுதான் அனுமதி, ‘லெகசி’ வகையில் முழுத் தடை.

ஏன் இந்த வேறுபாடு? உயிர்ப்புள்ளி 20-இல் தொடங்குகிறது. அதில் மூன்று கூடினால் தோல்வி கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அட்டை அப்படியல்ல. ஒரு சுற்றுக்கு ஒன்றுதான் கையில் சேரும். மூன்று அட்டை என்றால் மூன்று சுற்றின் வரவு ஒரே மூச்சில் வந்து சேர்கிறது. இரண்டு இடத்திலும் எழுதியிருப்பது ‘3’தான். அளவுகோல் மட்டும் வேறு.

சொந்தமாக அட்டை வடிவமைக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் டிராகனை வரைவார்கள், மிரட்டலான பெயர் வைப்பார்கள், நான்கு வரியில் சக்தியை எழுதுவார்கள், கடைசியில் மூலையில் ஏதோ ஒரு விலையைப் போடுவார்கள். என்னைக் கேட்டால் அட்டையிலேயே எழுதக் கடினமானது அந்த ஓர் எண்தான்.

மானா என்பது ஆட்டத்துக்குள் புழங்கும் செலவுப்பணம். மேஜிக்கில் அது நில அட்டைகளிலிருந்து வருகிறது, சுற்றுக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். 2014-இல் வந்த ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற கணினி ஆட்டத்தில் நிலமே இல்லை. சுற்றுக்கு ஒன்றாக மானா தானாகவே ஏறி 10-இல் நிற்கும். எப்படியானாலும் விலை என்பது மறைமுகமாக ஒரு காலக்கணக்கு. ஐந்து மானா என்று எழுதினால், வேறு உதவி இல்லாதவரை ஐந்தாம் சுற்றுக்கு முன் இதை ஆடாதே என்று பொருள். ‘யூ-கி-ஓ’ என்ற இன்னொரு அட்டை ஆட்டத்தில் மானாவே கிடையாது. அதனால்தான் சும்மா இரண்டு அட்டை எடுக்கச் சொல்லும் ‘பாட் ஆஃப் கிரீட்’ அங்கே தடைப்பட்டியலுக்குப் போனது.

விலை போடத் தொடங்கும் இடம், சிறப்புச் சக்தி எதுவும் இல்லாத வெற்று உயிரினம். ஹார்த்ஸ்டோனின் தொடக்க அட்டைகளைப் பாருங்கள். முதல் எண் தாக்கும் வலு, அடுத்தது தாங்கும் வலு. இரண்டு மானாவுக்கு 3/2, நான்கு மானாவுக்கு 4/5, ஆறு மானாவுக்கு 6/7. கூட்டினால் 5, 9, 13. விலையை இரட்டித்து ஒன்று சேர்த்தால் அதே எண்கள். ஒரு சக்தியைச் சேர்க்க வேண்டுமானால் இந்தக் கூட்டுத்தொகையில் கொஞ்சம் கழித்து ஈடுகட்ட வேண்டும்.

இந்தச் சூத்திரத்தை அப்படியே மேஜிக்குக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஹார்த்ஸ்டோனில் பட்ட அடி அடுத்த சுற்றிலும் அப்படியே இருக்கும். மேஜிக்கில் சுற்று முடிந்ததும் காயம் ஆறிவிடும். ஆகவே அங்கே தாங்கும் வலுவின் மதிப்பு அதிகம். இரண்டு மானாவுக்கு 2/2, மூன்று மானாவுக்கு 3/3 என்பது அங்கே நியாயமான அடிக்கோடு.

இனி ஓர் அட்டையைச் செய்து பார்ப்போம். பெயர் ‘வேதாளம்’. மேஜிக் போன்ற ஆட்டத்துக்கு, மூன்று மானா, 2/1. சக்தி: “இது இறக்கும்போது உரிமையாளரின் கைக்குத் திரும்பும்.” முருங்கை மரம் ஏறிய கதை தெரிந்தவருக்கு இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை. பெயரும் விதியும் ஒத்துப்போனால் நினைவில் வைக்கும் சுமை பாதி குறையும். 3/3 தரவேண்டிய விலைக்கு 2/1 தருகிறோம், மீதி மூன்று புள்ளி திரும்பி வரும் சக்திக்குக் கொடுத்த விலை.

வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை உண்டு. ‘இறக்கும்போது’ என்பதற்குப் பதில் ‘களத்தை விட்டு நீங்கும்போது’ என்று எழுதினால், எதிரி அதை ஆட்டத்திலிருந்தே அப்புறப்படுத்தினாலும் திரும்பி வந்து நிற்கும். அப்புறம் அதற்கு மாற்றே கிடையாது. ‘உன் கைக்கு’ என்று எழுதினால், எதிரி உங்கள் வேதாளத்தை வசப்படுத்தியிருக்கும் நேரத்தில் அது இறந்தால் யார் கைக்குப் போவது என்று சண்டை வரும். ‘திரும்பும்’ என்றால் கட்டாயம். ‘திருப்பிக்கொள்ளலாம்’ என்றால் விருப்பம். அட்டை மொழியில் இலக்கிய நயத்துக்கு இடமில்லை, அதற்குக் கீழே சாய்வெழுத்தில் ஒரு வரி ஒதுக்கிவிடுங்கள்.

ஆபத்து இனிமேல்தான். மேஜிக்கில் 1994-இலேயே ‘அஷ்னாட்ஸ் ஆல்டர்’ என்ற பலிபீடம் வந்துவிட்டது. ஓர் உயிரினத்தைப் பலி கொடுத்தால் இரண்டு மானா தரும். வேதாளத்தை அதில் பலி கொடுங்கள்: இரண்டு மானா வரவு, வேதாளம் கைக்கு. மீண்டும் களத்தில் இறக்க மூன்று மானா. ஒவ்வொரு முறையும் ஒரு மானா நட்டம் என்பதால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். வேதாளத்தின் விலையை இரண்டாக எழுதியிருந்தால்? வரவும் செலவும் சமம், சக்கரம் நிற்கவே நிற்காது. ‘உயிரினம் இறக்கும்போதெல்லாம் எதிரிக்கு ஒரு சேதம்’ என்ற மூன்றாவது அட்டை பக்கத்தில் இருந்தால் 20 புள்ளியும் ஒரே சுற்றில் காலி. மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே சும்மா ஒரு படி வித்தியாசமில்லை, ஆட்டமே வேறாகிறது.

மூன்று என்று வைத்தாலும் நிம்மதியில்லை, விலையில் ஒன்று குறைக்கும் அட்டைகள் உண்டே! இங்கேதான் மானாவின் நிறங்கள் கைகொடுக்கின்றன. பலிபீடம் தருவது நிறமற்ற மானா. வேதாளத்தின் விலையில் ஒரு மானா கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினால், பலிபீடத்து மானாவால் அந்தப் பங்கைக் கட்ட முடியாது. விலைக் குறைப்பு அட்டைகளும் பொதுவாக நிறமற்ற பங்கைத்தான் குறைக்கும். ஐந்து நிறங்கள் அழகுக்காக மட்டும் இல்லை, இப்படிப் பூட்டாகவும் பயன்படுகின்றன.

இன்னொரு வழி, கைக்குப் பதிலாகக் கட்டின் மேற்புறத்துக்குத் திருப்புவது. அப்போது அடுத்த சுற்றில் புதிதாக வரவேண்டிய அட்டையின் இடத்தை வேதாளம் பிடித்துக்கொள்கிறது. மொத்தத்தில் ஒரு அட்டைகூடக் கூடவில்லை. சக்தி பார்க்க அதேபோல இருக்கும், பெருமளவு வலுவிழந்திருக்கும். முதல் முயற்சியில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இத்தகைய கூட்டணிகளை எல்லாம் முன்கூட்டியே பிடிக்க முடியுமா? 250 அட்டைகள் கொண்ட தொகுப்பில் இரண்டிரண்டாக எடுத்தால் 31,125 சோடிகள். மும்மூன்றாக எடுத்தால் 25,73,000. தொழில்முறை வடிவமைப்பாளர்களுக்கே இதில் அடி சறுக்கியிருக்கிறது. 2004-இல் வந்த ‘ஸ்கல்கிளாம்ப்’ ஒரு கருவி அட்டை. அணிந்த உயிரினத்துக்குத் தாக்கும் வலு ஒன்று கூடும், தாங்கும் வலு ஒன்று குறையும், அது இறந்தால் இரண்டு அட்டை எடுக்கலாம். மாட்டிவிட ஒரு மானா போதும். அந்தக் கழித்தல் ஒன்று தண்டனை மாதிரித் தெரிகிறது. ஆனால் ஒன்றுக்கும் உதவாத 1/1 உயிரினத்தில் மாட்டினால் அது அந்தக் கணமே சாகும், ஒரு மானாவுக்கு இரண்டு அட்டை கையில். அதே ஆண்டு ஜூனில் ‘ஸ்டாண்டர்ட்’ வகை ஆட்டத்தில் அதற்குத் தடை விழுந்தது. உங்கள் அட்டையில் ஒரு குறையை எழுதும்போதெல்லாம், அந்தக் குறையையே விரும்புகிறவன் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

நிகழ்தகவும் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. 60 அட்டைக் கட்டில் ஒரே அட்டையின் நான்கு பிரதிகள் வைக்கலாம். தொடக்கக் கையில் ஏழு அட்டை. அதில் ஒரு பிரதியாவது இருக்க ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு. பத்து அட்டை பார்த்த பிறகு 53 சதவீதம். 24 நிலங்கள் வைத்தால் முதல் ஏழில் இரண்டு முதல் நான்கு நிலம் வர 77 சதவீத வாய்ப்பு. ஒன்றோ அதற்கும் குறைவோ வர 14 சதவீதம். ஏழு மானா விலை எழுதிய அட்டை பல ஆட்டங்களில் கையிலேயே தூங்கும். ஆகவே இறங்கும் நாளில் அது ஆட்டத்தையே புரட்டும் அளவுக்கு இருந்தால்தான் கட்டில் இடம் கிடைக்கும்.

அச்சு வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேஜிக் அட்டையின் அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் படம் 744-க்கு 1039 புள்ளி, வெட்டும்போது நகர்ந்தால் தாங்க நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவார்கள். அதிகாரப்பூர்வ அட்டையின் பின்புறப் படத்தை மட்டும் நகலெடுக்காதீர்கள், கள்ள அட்டை என்ற சந்தேகம் வரும். போட்டிகளிலும் சொந்த அட்டை செல்லாது. சோதித்துப் பார்க்க அச்சே தேவையில்லை: துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி, பழைய அட்டை ஒன்றின் முன்னால் வைத்து உறையில் செருகினால் போதும்.

சோதனையில் வெற்றி தோல்வியை எண்ணிக்கொண்டிருப்பது வீண். இரு கட்டுகளும் சரிசமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆட்டம் ஆடினாலும் ஒன்று 40 முதல் 60 வரை எத்தனை முறை வேண்டுமானாலும் வெல்லலாம், அது வெறும் அதிர்ஷ்டத்தின் ஆட்டம். 55 சதவீத அனுகூலத்தை ஓரளவு உறுதியாகக் கண்டுபிடிக்கவே 400-க்கும் மேற்பட்ட ஆட்டம் வேண்டும். நண்பர்கள் அத்தனை பொறுமைசாலிகள் இல்லை. அதற்குப் பதில் ஆளைக் கவனியுங்கள். ஆட்டம் முடிந்தபோது வேதாளம் யார் கையிலாவது இறங்காமல் கிடந்ததா? எதிரே இருந்தவர் அட்டையை வாங்கி இரண்டு முறை படித்தாரா? படித்தார் என்றால் வாக்கியத்தில் கோளாறு. வேதாளத்தைக் கண்டதும் தாக்குவதையே விட்டுவிட்டாரா? அப்படியானால் ஆட்டம் தேங்குகிறது, தடுப்பதற்கு அது பயன்படாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

திருத்தும்போது விலையைக் கடைசியாகத் தொடுங்கள். ஒரு மானா ஏற்றினால் அட்டை ஒரு சுற்று முழுதும் தள்ளிப்போகும், அது பெரிய வெட்டு. 2/1-ஐ 3/1 ஆக்குவதும், ‘கைக்கு’ என்பதைக் ‘கட்டின் மேல்’ என்று மாற்றுவதும் சிறிய திருப்பங்கள். யாரும் வேதாளத்தைக் கட்டில் சேர்க்கவில்லையா, முதலில் 3/1. அப்போதும் சீந்தவில்லை என்றால் பிறகு பார்க்கலாம், இரண்டு மானாவா என்று. அதற்கு முன் பலிபீடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.