சூரன் தலை மாறும், பூனை மாறாது

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் சூரன்போர் அன்று முதலில் வருவது சூரன் இல்லை, தப்பு மேளத்தின் சத்தம். பெக்டரி வளைவுக்குக் கிட்ட வரும்போது அடி மாறும். சூரன் இன்னும் கண்ணில் பட்டிருக்க மாட்டான். அதற்குள் சின்னப் பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுவார்கள். போன வருடம் என் மகளும் ஒளிந்தாள். ஏழு வயது. அது மரத்தில் செய்த சூரன் என்பதும் கடைசியில் முருகன்தான் ஜெயிப்பார் என்பதும் அவளுக்கு நன்றாகவே தெரியும். பிறகு எதற்குப் பயம்?

ஜேம்ஸ் பொண்ட் படங்களைப் பற்றியும் இதையே கேட்கலாம். 1962 முதல் 2021 வரை அந்த வரிசையில் 25 படங்கள். வில்லன் தோற்பான் என்பது டிக்கெட் எடுக்கும்போதே தெரிந்த விஷயம். பெரும்பாலான வில்லன்கள் ஒரு படத்தோடு முடிந்துபோகிறார்கள். புளோஃபெல்ட் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறான்.

1963இல் வந்த இரண்டாவது படத்தில் அவனுக்கு முகமே இல்லை. மடியில் ஒரு வெள்ளைப் பூனை, அதைத் தடவும் கை, ஒரு குரல், அவ்வளவுதான். நடிகர் பெயர் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டார்கள். முகத்தைக் காட்டியது 1967இல்: மொட்டைத்தலையும் தழும்புமாக டொனால்ட் பிளெசன்ஸ். 1969இல் டெலி சவாலஸ். 1971இல் சார்ள்ஸ் கிரே, அதுவும் தலை நிறைய முடியோடு. கஜமுகன், சிங்கமுகன் என்று சூரனுக்குத் தலை மாற்றுவோமே, அதே வேலைதான். 1967இல் பொண்டை நேருக்கு நேர் பார்த்தவன் 1969இல் அவரை அடையாளம் தெரியாமல் முழிப்பான். பார்த்தவர்கள் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. பூனை இருந்ததே!

அந்தப் பூனை செய்யும் வேலையை விளங்கிக்கொள்ள மூளை ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குரங்குகளிடம் போகவேண்டும். குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையில் டொபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் எப்போது துடிக்கின்றன என்று அவர் அளந்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் கலங்கள் துள்ளும். சாறுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கு எரிந்தால், கொஞ்ச நாளில் அந்தத் துள்ளல் சாறை விட்டுவிட்டு விளக்குக்கு மாறிவிடும். அதன்பிறகு சாறு வந்தாலும் கலங்கள் சும்மா இருக்கும், அதுதான் தெரிந்த விஷயமாயிற்றே. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால்தான் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே விழும். 1997இல் ஷுல்ட்ஸும் இன்னும் இருவரும் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு கணக்கு கொடுத்தது: மூளை பதிவது பரிசை இல்லை, எதிர்பார்த்ததுக்கும் கிடைத்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை.

படம் பார்ப்பதும் சாறு குடிப்பதும் ஒன்றல்ல, சரி. ஆனால் நான் பார்த்தவரை பழைய வில்லன் நம்மிடம் வேலை செய்வது இந்த வழியில்தான். தப்பு அடியும் பூனையும் விளக்குகள். பயத்தைத் திரை உண்டாக்கத் தேவையில்லை, அது பார்ப்பவனிடம் முன்னாலேயே சேமிப்பில் இருக்கிறது.

1981இல் வந்த படத்தைத்தான் இதற்குச் சாட்சியாகச் சொல்வேன். அந்தப் பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்ற உரிமை வழக்கு இழுபட்டதால் புளோஃபெல்ட் என்ற பெயரையே உச்சரிக்க முடியாத நிலை. ஆரம்பத்தில் சக்கர நாற்காலியில் ஒரு மொட்டைத்தலை ஆள், முகம் தெரியாது, கூடவே வெள்ளைப் பூனை. பொண்ட் அவனைத் தூக்கிப் புகைபோக்கிக்குள் போட்டுவிடுவார். பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து அதைப் போட்டபோது நாங்கள் பொடியன்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஹட்டனில் பழைய படங்களைத் தியேட்டரில் பார்த்திருந்த பெரியப்பா மட்டும், “அடேய், அவன்தான்டா!” என்று எழும்பிவிட்டார். ஒரே திரை, ஒரே பூனை. விளக்கு எரிந்தது அவருக்கு மட்டும்.

2013இல் உரிமைப் பிரச்சினை தீர்ந்து, 2015இல் புளோஃபெல்ட் திரும்பினான். கிறிஸ்டோஃப் வோல்ட்ஸ் வேறொரு பெயரில் வந்து, பிறகுதான் தன் பெயர் புளோஃபெல்ட் என்று சொல்வார். 2006இலிருந்து பொண்ட் பார்க்கத் தொடங்கிய பிள்ளைக்கு அது வெறும் பெயர். பழைய ஆட்களுக்கு விளக்கு எரிந்தது, ஆனால் சாறு தண்ணியாக இருந்தது. குறைந்தபட்சம் எனக்கு.

பெக்டரிக்கு அடுத்த லயத்தில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொழுந்து வாட்டும் விசிறிகள் இரவு முழுக்க இரைந்தாலும் நன்றாகத் தூங்குவார்கள். நின்றால்தான் விழிப்பு வரும். மாறாத சத்தத்துக்கு மூளை காது கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. வில்லனுக்கும் அந்தக் கதிதான். 1971 படத்தில் புளோஃபெல்ட் தன்னைப்போலவே ஆட்களைச் செய்து வைத்திருப்பான். பயம் போய்ச் சிரிப்புத்தான் வந்தது.

புது வில்லனுக்குச் சேமிப்பு கிடையாது, அதனால் சாறை முன்னறிவிப்பில்லாமல் ஊற்றவேண்டும். 1964இன் கோல்ட்ஃபிங்கர் அதைச் செய்தான்: மயக்கம் தெளிந்த பொண்ட் திரும்பிப் பார்த்தால், உடம்பெல்லாம் தங்கச்சாயம் பூசிய பெண் கட்டிலில் செத்துக் கிடக்கிறாள். தோல் மூச்சுவிட முடியாமல் இறந்தாள் என்று படம் சொல்லும். அது பிழை. நாம் மூச்சுவிடுவது நுரையீரலால்.

இன்னொரு வழி, உடம்பில் ஓர் அடையாளம் வைப்பது. வரிசையில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அதுவே நினைவில் நிற்கும் என்று உளவியலாளர் ஹெட்விக் ஃபொன் ரெஸ்டோர்ஃப் 1933இலேயே காட்டினார். 1977இன் ஜோஸுக்கு உலோகப் பல், 2006இன் லெ ஷிஃப்ருக்கு இரத்தக் கண்ணீர். ஜோஸின் பல் அவ்வளவு பிடித்துப்போக, 1979இல் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசியில் பொண்டுக்கே உதவுகிறவனாக்கிவிட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் கோயில் பொடியன்கள் சூரன் கண்களுக்குள் சிவப்பு பல்ப் வைத்தார்கள். முதல் தடவை எரிந்தபோது கூட்டமே பின்வாங்கியது, தப்புக்காரர் ஓர் அடியைத் தவறவிட்டார். அடுத்த வருடம் அதே பல்ப். யாரும் அசையவில்லை. ஒரு கண் எரியவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.