தன்மதிப்பு, உணர்ச்சி நெறிப்படுத்தல்: சொல் விளக்கம்

‘செல்ஃப் எஸ்டீம்’ என்பதற்குத் தமிழில் தன்மதிப்பு. ஒருவர் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் மொத்தக் கணிப்பு அது. ‘எஸ்டீம்’ சொல்லின் மூலம் இலத்தீனின் ‘ஐஸ்டிமாரே’: விலை கணித்தல், மதித்தல். ‘எஸ்டிமேட்’டும் அதிலிருந்தே கிளைத்தது. நம் ‘மதி’ வினைக்கும் அதே இரு முகம்: நிலத்தை மதிப்பிடுகிறோம், பெரியவரை மதிக்கிறோம். ஆகவே தன்மதிப்பு நேராகப் பொருந்துகிறது.

பலர் எழுதுவது சுயமரியாதை. 1925 முதல் அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஓர் இயக்கத்தின் வரலாறே உண்டு. பிறர் முன் தலைகுனிய மறுப்பதை அது குறிக்கிறது. அவமதிப்பைப் பொறுக்காமல் சீறும் இளைஞன், தனியே இருக்கையில் தன்னை ஒன்றுக்கும் உதவாதவனாக எண்ணலாம். அவனுக்குச் சுயமரியாதை உண்டு, தன்மதிப்பு இல்லை. தன்னம்பிக்கையும் வேறு: ‘என்னால் முடியும்’ என்று செயலைப் பார்ப்பது அது. மேடையில் தயங்காமல் பேசும் பெண்ணுக்கும் தன்மதிப்பு தாழ்ந்திருக்கலாம். தற்பெருமையோ பிறரைவிட உயர்ந்தவன் என்ற எண்ணம். தன்மதிப்புக்கு அந்த ஒப்பீடு தேவையில்லை.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் இதை ஒரு வகுத்தலாகவே எழுதினார்: வெற்றியை எதிர்பார்ப்பால் வகுத்தால் தன்மதிப்பு. 98 எதிர்பார்த்து 92 வாங்கிய மாணவி அழுவதும், 50 எதிர்பார்த்து 60 வாங்கியவன் துள்ளுவதும் இந்தக் கணக்கில் அடங்கும். மார்க்கை மட்டும் பார்க்கும் பெற்றோர் கீழே இருக்கும் எண்ணை, அதாவது எதிர்பார்ப்பை, மறந்துவிடுகிறார்கள்.

தன்மதிப்பை அளப்பதற்கு அதிகம் பயன்படுவது அமெரிக்கச் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பர்க்கின் அளவுகோல் (1965). நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது. 10 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைப் பதில், 0 முதல் 3 வரை மதிப்பெண். 5 கூற்றுகள் எதிர்மறை. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். மறந்தால், தன்னை மிக உயர்வாகக் காண்பவருக்கும் மிகத் தாழ்வாகக் காண்பவருக்கும் ஒரே 15 வரும்! மொழிபெயர்ப்பிலும் ஒரு பொறி. ‘என்மேல் எனக்கு இன்னும் மதிப்பு இருந்தால் நன்றாக இருக்கும்’ என்ற பொருளுடைய கூற்றில் ‘மரியாதை’ என்று போட்டால், பிறர் தரும் மரியாதை போதவில்லை என்று புரிந்துகொண்டு பதில் சொல்வார்கள். இந்த அளவுகோல் நோயைக் கண்டறியும் சோதனையும் அல்ல.

அடுத்த சொல், ‘எமோஷன் ரெகுலேஷன்’: எழும் உணர்ச்சியைக் கூட்டியோ குறைத்தோ சீர்படுத்துவது. உணர்ச்சிக் கட்டுப்பாடு என்பது பாதிதான் சரி, ஏனென்றால் தளர்ந்த மனத்தில் உற்சாகத்தைக் கூட்டுவதும் இதில் சேரும். நெறிப்படுத்தல் என்பதே தகும். உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் இதை, உணர்ச்சி உருவாகும் போக்கில் நாம் தலையிடக்கூடிய ஐந்து இடங்களாகப் பிரித்தார். பிளஸ் டூ முடிவு வந்த வாரம், மார்க் குறைந்த பையனை எடுத்துக்கொள்வோம். உறவினர் கூடும் விசேஷத்துக்குப் போகாமல் இருப்பது சூழலைத் தேர்தல். போயும், ‘மார்க் பேச்சை எடுக்காதீங்கம்மா’ என்று முன்பே சொல்லி வைப்பது சூழலை மாற்றல். பேச்சு வந்துவிட்டால் குழந்தைகளோடு விளையாடப் போவது கவனத்தைத் திருப்பல். ‘நான் உதவாக்கரை’ என்பதை ‘வேதியியல் தாள் சறுக்கிவிட்டது’ என்று மாற்றிப் பார்ப்பது மறுமதிப்பீடு. கண்ணீரை விழுங்குவது, மூச்சை நிதானப்படுத்துவது எல்லாம் வெளிப்பாட்டைத் திருத்தல்.

‘அழாதே, அடக்கு’ என்ற வீட்டு அறிவுரை இந்தக் கடைசி இடத்தைத்தான் தொடுகிறது. அடக்கினால் முகம் மாறும். உள்ளே துயரம் குறையாது, உடலின் பதற்றம் கூடவும் செய்யும். அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் சொன்னதும் சரியாக நினைவில் நிற்காது. முதல் இடமான சூழலைத் தேர்தலும் பழக்கமாகிவிட்டால் ஆபத்து: விசேஷத்தில் தொடங்கிய விலகல் கல்லூரி வகுப்புவரை போகும்.

தன்மதிப்பு நுழைவது நான்காம் இடமான மறுமதிப்பீட்டில். அது தாழ்ந்திருந்தால் ஒரு தாளின் தோல்வி முழு ஆளின்மீதும் தீர்ப்பாகிவிடும். மாற்றிப் பார்க்கச் சொற்களே கிடைக்காது. உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது மறுமதிப்பீட்டை வற்புறுத்துவதும் வீண். திட்டமிடலுக்கும் தடுத்தலுக்கும் பொறுப்பான முன்மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருப்பதால், பதின்வயதில் இது இன்னும் கடினம். முதலில் கவனத்தைத் திருப்பி, வேகம் தணிந்தபின் பேச வேண்டும். அப்போதும் ‘உன் தன்மதிப்பு எப்படி இருக்கு?’ என்று கேட்டால் பையன் விழிப்பான். ‘இந்த மார்க்கைப் பார்த்ததும் உன்னைப் பத்தி என்ன நினைச்ச?’ என்றால் பதில் வரும்.