நானாவின் கையெழுத்து மட்டும் போதாது

கானாவில் நிலம் குத்தகைக்கு எடுக்க வருகிறவர்களின் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் வாடிக்கையாளர் ஒருவர் குமாசிக்கு அருகே மரவள்ளி பயிரிட எடுத்த நிலத்தின் பத்திரத்தைக் கொண்டுவந்தார். குத்தகைக் காலம் 99 ஆண்டு. ஊர்த் தலைவரின் கையெழுத்து, சாட்சிகள், கைகுலுக்கும் புகைப்படம் எல்லாம் இருந்தன. பணமும் கைமாறிவிட்டது. "நானாவே சம்மதித்த பிறகு வேறென்ன வேண்டும்?" என்று கேட்டார். அங்கே அரசர்களையும் தலைவர்களையும் மரியாதையாக 'நானா' என்றுதான் அழைப்பார்கள்.

கானா குடியரசு நாடு. ஆனால் அதன் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அரசாங்கத்திடம் இல்லை. அரச பீடங்கள், குலங்கள், குடும்பங்களின் பொறுப்பில் இருக்கிறது. தெற்கே அசாந்தி மக்களிடம் பீடம் என்பது மரத்தில் செதுக்கிய இருக்கை. வடக்கே விலங்குத் தோல். பீடத்தில் அமர்பவர் நிலத்தின் காவலர், உடைமையாளர் அல்லர். நிலம் முன்னோர்க்கும் இனிப் பிறக்கப்போகிறவர்க்கும் உரியது என்பது அவர்கள் நம்பிக்கை. 1992 அரசியலமைப்பும் அதையே சட்டமாக்கி, பீட நிலத்தை நிர்வகிப்பவர் மக்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்கிறது. நிலத்துக்கு அடியில் இருக்கும் தங்கமோ நாட்டுக்குச் சொந்தம்.

அதே அரசியலமைப்பு அரசர்களுக்குக் காப்பும் தருகிறது, கட்டும் போடுகிறது. ஒருவரை அரசராக ஏற்கவோ நீக்கவோ எவருக்கும் அதிகாரம் தரும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற முடியாது. அரசரும் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது. நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க வேண்டுமானால் பீடத்தை விட்டு இறங்க வேண்டும். வாரிசுச் சண்டைகளை மரபுத் தலைவர்கள் அவையின் நீதிக்குழுக்கள் விசாரிக்கின்றன. இறுதி மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். வாக்குப்பெட்டியால் தீராத சிக்கலுக்கும் இந்த அமைப்பு உதவியிருக்கிறது. 2002-இல் வடக்கே உள்ள தாக்பொன் அரசின் அரசர் இரண்டாம் யாகூபு அந்தானி கொல்லப்பட்டபின் அங்கே எழுந்த பிளவைத் தீர்க்கும் பொறுப்பை அரசாங்கம் அசந்தேஹேனே, அதாவது அசாந்தி மக்களின் பேரரசர், இரண்டாம் ஒசெய் டூட்டு தலைமையில் மூன்று அரசர்களிடம் ஒப்படைத்தது. 2019 ஜனவரியில் அங்கே புதிய அரசர் அமர்ந்தார்.

இத்தனை மதிப்புள்ள அமைப்பில் என்னை வருத்துவது 'குடிப் பணம்'. நிலம் கேட்டுப் போகிறவர் முன்னோர்க்குப் படைக்க ஒரு புட்டி மது கொண்டுபோவது பழைய வழக்கம். இன்று அந்தப் பெயரிலேயே மனையின் சந்தை விலையை வாங்குகிறார்கள். பீட நிலத்தின் வருமானத்தில் அதை வசூலிக்கும் பீட நில நிர்வாக அலுவலகத்துக்கு 10 விழுக்காடு போக, மீதியில் மாவட்ட மன்றத்துக்கு 55, பீடத்துக்கு 25, மரபு ஆட்சியமைப்புக்கு 20 விழுக்காடு சேர வேண்டும். குடிப் பணம் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. பங்குக்கு வருவது சொற்ப ஆண்டு வாடகைதான். பள்ளிக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம் வழியிலேயே நின்றுவிடுகிறது. நகரம் விரிய விரிய அந்த நிலத்தில் பயிர் செய்தவர்கள் வெறுங்கையோடு வெளியேறுகிறார்கள். இதை வழக்கம் என்று சொல்லி ஒதுங்கிப்போக என்னால் முடியவில்லை.

வாடிக்கையாளரின் பத்திரத்துக்கு வருகிறேன். வெளிநாட்டவருக்கு ஒரு முறைக்கு 50 ஆண்டுக்கு மேல் குத்தகை தரச் சட்டம் இடம் தரவில்லை. அந்தத் தலைவர் ஒரு மேலரசருக்குக் கட்டுப்பட்டவர். அந்த மேலரசரின் ஒப்புதல் இல்லை. நில ஆணையத்தின் இசைவும் இல்லை. நம்மூரில் வில்லங்கம் பார்க்காமல் யாரும் முன்பணம் தருவதில்லை. அங்கே நில ஆணையத்தில் தேடுவதோடு, கையெழுத்திடுபவர் மரபுத் தலைவர்களின் தேசியப் பதிவேட்டில் இருக்கிறாரா, அவர் பதவிமீது வழக்கு ஏதும் உண்டா என்றும் பார்க்க வேண்டும். பீடத்திலிருந்து இறக்கப்பட்டவரின் பத்திரத்தோடு என்னிடம் வந்தவர்களும் உண்டு.

உள்ளூர் வழக்கறிஞரோடு மீண்டும் போனோம். இம்முறை பேச்சு தலைவரின் வரவேற்பறையில் நடக்கவில்லை. மூத்தோர் அவையில் நடந்தது. அசாந்தி மரபில் அரசரின் பெயரை முன்மொழிபவர் ராணித் தாய். அவர் வந்து அமர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, ஓடையோரத்தில் காய்கறி போடும் பெண்கள் எங்கே போவார்கள் என்பது. முதல் பத்திரத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓடையோர நிலத்தை அவர்களுக்கே விட்டுவிட்டு, மீதியை 50 ஆண்டுக்கு எழுதினோம்.