மெனுதோ: துண்டை எடுத்துவிட்டால் சைவமாகிவிடாது

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பாதி குடித்த மெனுதோ கிண்ணத்தை நீட்டி ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இதுல கெடக்கறது காளானா?" மாட்டுக்கறி தொடாத வீட்டுப் பிள்ளை. கிண்ணத்தில் கிடந்தது மாட்டு இரைப்பை. நம் ஊர்ப் போட்டி மாதிரியே டர்க்கி டவல் போலச் சொரசொரப்பு. இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். டெக்சாஸில் ஒரு மெக்சிகோ உணவகத்தில் சமைக்கிற நான் இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பு என்னுடையது.

மெனுதோ, வட மெக்சிகோக்காரர்களின் சனி, ஞாயிறு காலைச் சூப். முந்தின இரவு குடித்தவர்களுக்கு அதுதான் மருந்து. வேக மணிக்கணக்காகும் என்பதால் பல கடைகளில் மற்ற நாளில் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை வந்து சண்டை போடாதீர்கள்.

வட மெக்சிகோ மாநிலமான சிவாவா பக்கம் சிவப்பு மிளகாய் அரைத்து ஊற்றுவார்கள். பக்கத்து மாநிலமான சொனோராவில் மிளகாய் இல்லாமல் வெள்ளையாகவே வைப்பார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத் தோலுரித்த மக்காச்சோளம் கொண்டைக்கடலை மாதிரி மலர்ந்து கிடக்கும். அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். மெக்சிகோ நகரில் பெயரே வேறு, பன்சீதா. பெரும்பாலும் சோளமும் இருக்காது.

எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்: "கறித்துண்டை எடுத்துட்டு சூப் மட்டும் குடுங்க." ஐயா, அந்தச் சூப்பே கறிதான்! மாட்டுக்கால் இரவெல்லாம் வெந்து, பசை இறங்கி, ஆட்டுக்கால் பாயா மாதிரி உதட்டில் ஒட்டும். ஒட்டாவிட்டால் நாங்கள் அதை மெனுதோ என்றே ஒத்துக்கொள்வதில்லை. இரைப்பையும் அதே தண்ணீரில்தான் வெந்தது. வடிகட்டினாலும் மாடுதான், சோளத்தை மட்டும் பொறுக்கித் தின்றாலும் மாடுதான். "சின் கார்னே", அதாவது கறி வேண்டாம் என்று ஸ்பானிஷில் சொன்னாலும் பல பரிமாறுபவர்களுக்குத் துண்டு வேண்டாம் என்றுதான் அர்த்தமாகும்.

"எல் கால்தோ, தே கே எஸ்?" என்று கேளுங்கள். சாறு எதில் வைத்தது என்று பொருள். ரெஸ் என்றால் மாடு, புயெர்கோ பன்றி, போயோ கோழி. இதே சோளம் போட்ட பொசோலே சூப் பெரும்பாலும் பன்றி. சாதுவாகத் தெரிகிற சேமியா சூப்பில்கூடக் கோழிச்சாறு இருக்கும். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கூச்சம் வேண்டாம், தயவுசெய்து. கரண்டியை வாயில் வைப்பதற்கு முன் ஒரு குரல் கொடுங்கள். எவ்வளவு கூட்டமானாலும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து சொல்கிறேன்.